லீவு லெட்டரில் செத்த அப்பா

என் அப்பா இரண்டு முறை செத்தவர். முதல் முறை சித்திரையில், தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு டீ எஸ்டேட் ஆபீசில், ஒரு முழு வெள்ளைத் தாளில் செத்தார். இரண்டாவது முறை அதே வருஷம் கார்த்திகையில், சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில், பாயில் படுத்துச் செத்தார். முதல் சாவுக்கு எனக்கு நான்கு நாள் லீவு கிடைத்தது. இரண்டாவது சாவுக்குக் கிடைக்கவில்லை. அந்த இரண்டாவது சாவோடு என் அக்கா என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். நாற்பது வருஷம் ஆகப் போகிறது.

இரண்டு சாவையும் எழுதியவர் ஒரே ஆள்தான். பெயர் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் மாத நாவல் அட்டையில் ஒரு பாழும் பங்களாவும், தலைவிரி கோலமாக ஒரு பெண்ணும், தேவைக்கு அதிகமான ரத்தமும் இருந்தால் அது அவருடைய நாவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைமுறையே அவரைப் படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் கூப்பிட்டது. நாவல் எதுவானாலும், அவருடைய பேய் கழுத்தில் கை வைக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்கும்: "எல்லாரும் வந்தாச்சா?" ஹாஸ்டல் பையன்கள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அதைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் பயமுறுத்துவார்கள். மூணாறு பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர் டிக்கெட் கொடுத்து முடித்ததும் அதே குரலில் கேட்டு, பஸ்ஸே சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் சிரிக்கவில்லை. காரணம் பின்னால் வரும்.

அந்தக் காலத்தில் அவர் எழுத்தாளர் இல்லை, எங்கள் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். நான் ஃபேக்டரியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டும் மாடியில் வேலை பார்த்தேன். இருபத்திரண்டு வயசு, இன்னும் நிரந்தரமாகவில்லை.

எங்கள் எஸ்டேட்டில் லீவு என்பது சாவுக்குத்தான். கல்யாணம், காதுகுத்து, கோவில் கொடை என்று போய் நின்றால், தொரை என்று நாங்கள் கூப்பிட்ட மானேஜர், "சீசன் கழியட்டும்" என்பார். மழை பெய்தால் கொழுந்து சீசன், வெயிலடித்தால் மருந்தடிக்கும் சீசன். சாவுக்கு மட்டும் வரிசைப்படி கிடைக்கும். மாமன், சித்தப்பன் செத்தால் ஒரு நாள். கூடப் பிறந்தவர்கள் செத்தால் இரண்டு. பெற்றவர்கள் செத்தால் நான்கு. ஆகவே லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், எல்லாக் குடும்பமும் சொந்தக்காரர்களைச் சிக்கனமாகக் கொன்று வந்தது.

மாமன்களில் தொடங்குவார்கள். ஒருமுறை கொன்றவரை மறுமுறை கொல்ல முடியாது, ஏனென்றால் ஆபீஸ் லீவு ரெஜிஸ்தரில் ‘இறந்தவர்’ என்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. யார் யாரைத் தீர்த்தாகிவிட்டது என்று வீட்டுக்கு வீடு மனப்பாடமாகத் தெரியும். என் பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து மாமன்களையும் முடித்துவிட்டு, ஆறாவதாக ஒரு மாமனைப் பிறக்க வைத்தே கொன்றார். ஊரிலிருந்து விருந்தாளி யாராவது வந்தால், அவர் ரெஜிஸ்தர்படி உயிரோடிருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டுதான் ஆபீஸ் பக்கம் கூட்டிக்கொண்டு போவோம். செத்துப்போன சித்தப்பா ஒருவர் தொரை ஜீப்புக்கு முன்னால் தெரியாமல் போய்க் கும்பிடு போட்டு, அந்த வீட்டுக்காரருக்கு ஒரு வருஷம் லீவு இல்லாமல் போன கதையும் உண்டு.

லயத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு. பெற்றவர்களைப் பொய்க்குக் கொல்லக் கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை, சொல்லவும் இல்லை. சொல்ல வாய் கூசும், அவ்வளவுதான். எனக்குக் கூசவில்லை.

லெட்டர் எழுதிக் கொடுப்பது கிளார்க்கின் வேலை. தொரைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் எழுதியவரே வாசித்தும் காட்டுவார். மற்ற எஸ்டேட்டுகளில் ‘என் மாமா காலமாகிவிட்டபடியால்’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். எங்கள் எஸ்டேட்டில் எந்த மாமாவும் சும்மா சாகவில்லை. பனைமரத்தில் இடி விழும், கிணற்றுக்குள்ளிருந்து கை நீளும், மூன்று புள்ளி வைக்காமல் ஒரு வாக்கியமும் முடியாது. தொரை நாற்காலியைச் சாய்த்துப் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு கேட்பார். பிடித்திருந்தால் கையெழுத்து. பிடிக்காவிட்டால், "இந்த மாமா சரியா சாகலை" என்று தாளைத் திருப்பித் தள்ளிவிடுவார். தமிழ்நாட்டில் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அவ்வளவு கறாராக இருந்திருக்க மாட்டார்.

அந்தச் சித்திரையில் ஃபேக்டரியிலிருந்து நாங்கள் நான்கு பேர், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மதுரைக்குக் கிளம்பினோம். மற்ற மூவரும் ஆளுக்கொரு கூடப் பிறந்தவரைக் கொன்று இரண்டு நாள் வாங்கினார்கள். நான் பெரிய கை. நேரே கிளார்க்கிடம் போய், அப்பா என்றேன்.

"ஏலே, அப்பாவையா?"

"நாலு நாள் வேணும்ண்ணே."

கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, ஒரு நெசம் குடு. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அதுதான் அவருடைய தொழில் ரகசியம். முழுப் பொய் நிற்காதாம், நடுவில் ஒரு உண்மையை ஊன்ற வேண்டுமாம். சாகப் போகிற ஆளைப் பற்றி ஒரே ஒரு உண்மையை ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

நான் கொடுத்தேன். என் அப்பா வாழைத்தார் வியாபாரி. அந்தியில் விளக்கு வைத்ததும் வாசலில் நின்று, கதவைச் சாத்துவதற்கு முன்னால், "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பார். வீட்டில் மொத்தமே நானும் அக்காவும்தான். அம்மா முன்பே போய்விட்டாள். உள்ளே இருந்து இரண்டு பேரும், "வந்தாச்சுப்பா" என்போம். அதற்கப்புறம்தான் தாழ்ப்பாள் விழும். ஊர்வலம் போய்த் திரும்பிய கூட்டத்தைக் கேட்கிற மாதிரி இந்த இரண்டு பேரைக் கேட்பார்.

லெட்டர் இப்படிப் போயிற்று: ‘வாசலில் ஒரு கறுப்பு நாய் மூன்று முறை அழுதது... விளக்கு தானாகவே அணைந்தது... என் தந்தையார் எழுந்து நின்று இருட்டைப் பார்த்து, எல்லாரும் வந்தாச்சா என்று கேட்டார்... வீட்டுக்குள் யாருமே இல்லை... ஆனால் பதில் வந்தது...’ கிளார்க் வாசித்து முடித்தபோது தொரையின் பைப் அணைந்திருந்தது. நான்கு நாளும் கொடுத்துவிட்டு, அந்த நாய் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன்.

மதுரையில் இரண்டு நாள் தின்றோம், சுற்றினோம், சத்திரத்து வராந்தாவில் தூங்கினோம். மிச்ச இரண்டு நாளும் அதையே நான் தனியாகச் செய்தேன். அழகரைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, அழகரைப் பார்த்தவர்களின் பிடரியைப் பார்த்தேன். இரண்டு நாளில் லீவு தீர்ந்து மலையேறப் போன கூட்டாளி ஒருவன், "இம்புட்டு தூரம் வந்துட்டு ஊருக்குப் போயி அப்பாவைப் பாக்கலியா?" என்று கேட்டான். "செத்தவரைப் போயி எப்படிடா பாக்க?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கார்த்திகையில் தந்தி வந்தது. அப்பா நிஜமாகவே போய்விட்டார். தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். கிளார்க் ரெஜிஸ்தரைத் திறந்தார், பக்கத்தைத் திருப்பினார், முகம் வெளுத்தது. சித்திரையில் அப்பா செத்தது அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. அது பொய் என்று சொன்னால் எழுதியவருக்கு வேலை போகும், அதோடு அந்த ரெஜிஸ்தரில் இருந்த அத்தனை பிணமும் எழுந்து உட்கார்ந்துவிடும். சொல்லாவிட்டால் எனக்கு லீவு இல்லை. தந்தியைக் காட்டலாமே என்றேன். தந்தி யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பது தொரைக்கும் தெரியும் என்றார்.

"பொறு. நான் எழுதுதேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அவர் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை கதவு வழியாகத் தலையை நீட்டி, "அப்பா செருப்பு போடுவாராடே?" என்று கேட்டார். போடுவார் என்றேன். "நல்லது" என்று உள்ளே போய்விட்டார். என்ன நல்லதோ.

மூன்று தாள். அதுவரை அவர் எழுதியதில் அதுதான் நீளம். சித்திரையில் இறந்த என் தந்தையார், சுடுகாட்டுக்குப் போகும் வழியில் பாடையில் எழுந்து உட்கார்ந்தார்... செருப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்... அன்றிலிருந்து அவருக்குப் பசியில்லை, நிழல் விழவில்லை... தினமும் அந்தியில், எல்லாரும் வந்தாச்சா என்று மட்டும் கேட்டார்... ஏழு மாதம் கழித்து நேற்று மறுபடியும் இறந்தார்... கடைசி வரி எனக்கு மனப்பாடம்: ‘இந்த முறை அவர் நிச்சயமாக இறந்துவிட்டார் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

தொரை மேசையைத் தட்டினார். ஃபஸ்ட் கிளாஸ் என்றார். பாடையில் எழும் இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். நான் கும்பிட்டுக்கொண்டு, "தொரை, நெசமாவே செத்துட்டாருங்க" என்றேன். "அதான் எழுதியிருக்கே, ரெண்டாவது வட்டம்" என்று சிரித்துக்கொண்டே சிவப்புப் பென்சிலை எடுத்து, ஓரத்தில் இங்கிலீஷில் எழுதினார். இந்த ஆளின் அப்பா ஏப்ரலிலேயே இறந்துவிட்டார், லீவு இல்லை. கிளார்க் தலையைக் குனிந்து நின்றார். துக்கத்தில் நிற்கிறார் என்று அப்போது நினைத்தேன். பாராட்டினால் கூச்சத்தில் அப்படி நிற்பது அவர் வழக்கம் என்பது பின்னால் டி.வி. பேட்டிகளைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். யாரும் என்னைக் கட்டிப் போடவில்லை. லீவு இல்லாமல் போனால் பெயரை வெட்டிவிடுவார்கள், நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது, அவ்வளவுதான். கேட்டுக்கு வெளியே பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. நான் மாடியேறிப் போய்க் கொழுந்தைப் புரட்டினேன்.

சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்து ஊருக்குப் போனேன். லீவு தரவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். "அப்பன் செத்ததுக்கு லீவு குடுக்காத எஸ்டேட்டு எந்த ஊர்லல இருக்கு?" என்றாள். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் சித்திரையில் அப்பாவை நான் கொன்றதையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். அக்காவும் மூடிக்கொண்டாள், அவள் மூடியது என்னிடம் மட்டும்.

பிறகு அவளும் கல்யாணமாகி ஏலத்தோட்டத்து வேலைக்கு மலைக்கே வந்துவிட்டாள். சாந்தன்பாறையில் வீடு. என் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். என் பிள்ளைகளுக்குக் காது குத்த வந்தாள், கல்யாணத்துக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணினாள், என் மனைவியோடு மணிக்கணக்கில் பேசினாள். நான் நடுவில் வந்தால் மட்டும், நான் ஒரு சுவர் என்பதுபோல என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.

கிளார்க் அடுத்த வருஷமே வேலையை விட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் மூணாறு பஸ் ஸ்டாண்டில் அவருடைய முதல் நாவல் தொங்கியது. பாடையில் எழுந்த ஒரு ஜமீன்தார், செருப்புச் சத்தம், அந்தி, "எல்லாரும் வந்தாச்சா?" ஜமீன்தாருக்குச் சிவந்த கண், கோரைப்பல், வீட்டில் ஏழு வேலைக்காரர்கள். என் அப்பா மாடு முட்ட வந்தால் மாட்டிடமே மன்னிப்புக் கேட்டு ஒதுங்குகிற ஆள். அவரைப் பார்த்துத் தமிழ்நாடு முழுக்க நடுங்கியது. நான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். வேறென்ன செய்ய, அப்பா போட்டோ என்று எங்களிடம் ஒன்றும் இல்லை.

போன வருஷம் எழுத்தாளர் காலமானார். ஒரே முறைதான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். செத்த மறு வாரமே அவருடைய ‘அரிய, அச்சேறாத எழுத்துகளை’த் தேடி ஊரெல்லாம் ஆள் கிளம்பிவிட்டது. சலவைச் சீட்டின் பின்னால் அவர் எழுதிய முகவரிக்குக்கூட இரண்டு பேர் சண்டை போட்டதாகக் கேள்வி. நான் அப்போது ஃபேக்டரியிலிருந்து ரிட்டயராகி, அதே ஃபேக்டரியில் டூரிஸ்டுகளுக்கு டீ எப்படித் தயாராகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். டூரிஸ்டுகள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு டாய்லெட் எங்கே என்பார்கள்.

ஒரு நாள் போன் வந்தது.

"நமஸ்காரம். பாலக்காட்டுலேர்ந்து பேசறேன். நீங்களாக்கும் ரெண்டாவது லெட்டர்ல ஒப்பு வெச்சிருக்கறது?" கையெழுத்தைத்தான் ஒப்பு என்றார்.

பேசியவர் பாலக்காட்டின் பழைய கோவில் தெருவில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுத்தாளரின் பரம ரசிகர். எங்கள் பழைய ஆபீஸ் கட்டடம் ரிசார்ட் ஆனபோது பழைய பைல்களையெல்லாம் ஆக்கிரிக் கடைக்கு, அதாவது பழைய இரும்பும் பேப்பரும் வாங்குகிற கடைக்கு, எடைக்குப் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து சாக்கோடு இவர் கைக்கு வந்திருக்கிறது. ‘அச்சேறாத நாற்பத்தோரு சிறுகதைகள்’ கிடைத்துவிட்டதாம், புத்தகமாக வரப் போகிறதாம். அதெல்லாம் அவருடைய கையெழுத்துதான் என்று நேரில் பார்த்த ஒரு ஆள் ஒரு வரி எழுதித் தர வேண்டுமாம்.

எனக்கு வேறொன்றுதான் கேட்டது. அந்த லெட்டர் இருக்கிறது. சிவப்புப் பென்சிலோடு இருக்கிறது. நான் லீவு கேட்டேன், தரவில்லை என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி. அக்காவுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது, இதய ஆபரேஷன் ஒன்று ஆகியிருந்தது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாளோ என்பதுதான் அந்த வருஷம் முழுக்க எனக்கிருந்த பயம். மறுநாளே உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அவர் வீட்டில் புத்தகம் இல்லாத இடம் சமையல்கட்டு மட்டும்தான். ஒவ்வொரு நாவலும் பிளாஸ்டிக் உறைக்குள், அந்துருண்டை வாசனையோடு. காபி கொண்டுவந்த மாமி, "பேய் வந்தாக்கூட உக்கார எடமில்லை இந்த ஆத்துல. நீங்க அந்த மோடாவுல உக்காருங்கோ" என்றார்.

அவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பைலைத் திறந்தார். லீவு லெட்டர்களையெல்லாம் வகை பிரித்திருந்தார். நீரில் மரணம், மரத்தில் மரணம், மிருகத்தால் மரணம், காரணம் தெரியாதது. பக்கத்து வீட்டுக்காரரின் பிறக்காத ஆறாவது மாமன் ‘மரத்தில் மரணம்’ வகையில், கீழே மூன்று அடிக்குறிப்போடு இருந்தார். என் அப்பா ‘இருமுறை மரணம்’. அந்த வகையில் அவர் ஒருவர்தான்.

"இதாக்கும் மாஸ்டர்பீஸ்" என்று இரண்டாவது லெட்டரைக் கண்ணில் ஒற்றாத குறையாக எடுத்து நீட்டினார். "ஓரத்துல சிவப்புல எழுதியிருக்கறது ஒரு உத்தின்னு எனக்குத் தோணறது. மானேஜர்னு ஒரு பாத்திரத்தையே கதைக்கு வெளியில நிறுத்தியிருக்கார் பாத்தேளா?"

"அது மானேஜர்தான் எழுதுனது."

"ஆ?"

"எங்கப்பா நெசமாவே செத்தாரு."

"எந்த லெட்டர்ல?"

"ரெண்டாவதுல."

"அதுலதானே பாடையில எழுந்துண்டு உக்காரறார்?"

"அது பொய்."

"அப்போ நெஜம் எதாக்கும்?"

"செத்தது."

அவர் கையுறையைக் கழற்றினார். துக்கம் விசாரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "கற்பனையின் உச்சம்னு முன்னுரை எழுதிக் கொடுத்தாச்சே" என்றார். உள்ளேயிருந்து மாமி, "பெத்த அப்பா போயிட்டார்ங்கறார், முன்னுரையைப் பத்திப் பேசறேளே" என்று சத்தம் போட்டார். அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர் மாமிதான் என்று எனக்குத் தோன்றியது.

ஒரிஜினலைத் தர மாட்டேன் என்றுவிட்டார். கையெழுத்து அவருடையதுதான் என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன், பதிலுக்கு, அக்காவிடம் காட்ட வேண்டும் என்றதால், இரண்டு லெட்டரையும் ஜெராக்ஸ் எடுத்துத் தந்தார். கடையில் மெஷினுக்குப் பக்கத்திலேயே, குழந்தைக்கு ஊசி போடும்போது நிற்கிற மாதிரி, நின்றுகொண்டிருந்தார். சிவப்புப் பென்சில் ஜெராக்ஸில் கறுப்பாக விழுந்தது. படிக்க முடிந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஒரு கணக்குப் போட்டேன். இரண்டாவது லெட்டரை மட்டும் காட்டினால் போதும். ஆனால் அதன் முதல் வரியிலேயே ‘சித்திரையில் இறந்த’ என்று இருக்கிறது. அதை மடித்து மறைக்கலாம் என்றால், லீவு இல்லை என்று இருப்பதும் அந்த வரியின் ஓரத்தில்தான். மூணாறு வருகிறவரை அந்தத் தாளை எல்லாப் பக்கமும் மடித்துப் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம் போலிருக்கிறது, அந்த ஒரு வரியை மறைக்க முடியவில்லை. கடைசியில் இரண்டையும் எடுத்துக்கொண்டு சாந்தன்பாறைக்குப் போனேன்.

அக்கா முற்றத்தில் உட்கார்ந்து சுளகில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கோழி. என்னைப் பார்த்ததும் கோழியிடம், "வந்தவுகளை உக்காரச் சொல்லு" என்றாள். கோழி சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். தாள்களை நீட்டினேன். "யாரோ காயிதம் கொண்டாந்திருக்காக" என்று கோழிக்குத் தெரியப்படுத்திவிட்டு, கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

அக்கா அஞ்சாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி, சத்தமாகத்தான் படிப்பாள். இரண்டாவது லெட்டர்தான் மேலே இருந்தது. பாடையில் அப்பா எழுந்து உட்காரும் இடத்தில் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஓரத்தில் இருந்த இங்கிலீஷை நான் படித்துச் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சித்திரை, நான்கு நாள், ரெஜிஸ்தர், கிளார்க், தொரை சிரித்தது. நான் லீவு கேட்டேங்க்கா, இந்தா பாரு, கேட்டேன், என்று இரண்டு மூன்று முறை சொல்லியிருப்பேன். எனக்கு வெட்கமாக இல்லை, ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவள் முதல் லெட்டரை எடுத்தாள். கறுப்பு நாய் வந்ததும், "நம்ம வீட்ல நாயி எங்கல இருந்துச்சு?" என்றாள்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். கோழியை அல்ல. ‘டா’ என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் அந்த ஒரு ‘ல’ எனக்குப் போதும் என்று இருந்தது. வெற்றி என்றே நினைத்துவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதா?

"நாலு நாளு லீவா?"

"ஆமாக்கா."

"எங்க போன?"

"மதுரைக்கு. அழகர் பாக்க."

"மதுரையில இருந்து நம்ம ஊருக்கு பஸ்ஸு எம்புட்டு நேரம்?"

"மூணரை மணி நேரம்."

"அப்ப அப்பா இருந்தாரு" என்றாள். அதட்டவில்லை. சந்தையில் ஒரு சாமானின் விலையைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவள் மறுபடியும் தாளைப் பார்த்து எழுத்துக் கூட்டினாள். "எல்லாரும்... வந்தாச்சா... என்று கேட்டார்..." அங்கே நின்றாள். அதே வரியை மறுபடி படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"கடைசி அன்னைக்குக் கேட்டாருல. பாயில கெடந்துக்கிட்டே. கதவு தெறந்துதான் கெடந்துச்சு. ஊரே கூடியிருக்கு, அவரு வாசலப் பாத்துக்கிட்டு ரெண்டு தடவை கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"வந்தாச்சுப்பான்னு சொன்னேன்."

கோழி சுளகில் வாய் வைத்தது. அவள் விரட்டவில்லை.

"லீவு கெடைக்கலேங்குறதுக்கா நான் பேசாம இருந்தேன்? சாகப்போற மனுசங்கிட்ட என்னையப் பொய் சொல்ல வச்சியேல." பிறகு தாள்களை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த பஸ்ஸு நாலரைக்கு. டீ போடுதேன், குடிச்சிட்டுப் போ" என்று எழுந்து உள்ளே போனாள்.

பஸ் பூப்பாறை தாண்டும்போது பாலக்காட்டுக்காரர் போன் பண்ணினார். புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். முதல் பக்கத்தில் ‘யாவும் கற்பனையே’ என்று போட்டுவிடலாம், அதனால் யாருக்கும் நோகாது என்றார். அக்கா படித்துவிட்டு என்ன சொன்னாள், கதையில் திருத்தம் ஏதும் உண்டோ என்று கேட்டார்.

"ஒண்ணு இருக்கு" என்றேன். "மொத லெட்டர்ல, வீட்டுக்குள்ள யாருமே இல்லைன்னு ஒரு வரி வருது. அது தப்பு. உள்ள எங்கக்கா இருந்தா."

குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.